மாட்டை நிறுத்தும் கூண்டு: வட சென்னைத் தொழுவத்துக்கு எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

கொடுங்கையூரில் எங்கள் தொழுவத்தில் இப்போது ஒன்பது உருப்படி. ஐந்து ஜெர்சி கலப்பு, இரண்டு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, ஒரு முர்ரா எருமை, ஒரு கிடேரி. அப்பா காலத்தில் மாட்டுக்கு ஊசி போட வேண்டுமென்றால் தெருமுனைக் கம்பத்தில் இழுத்துக் கட்டுவார்கள். ஒருவர் மூக்கைப் பிடிப்பார், ஒருவர் வாலை முறுக்குவார், டாக்டர் ஓடிவந்து குத்திவிட்டு விலகுவார். பத்தில் எட்டு தடவை சரியாக நடக்கும். மீதி இரண்டில் யாருக்காவது கால் நசுங்கும். எனக்கு வலது பெருவிரல் நகம் இரண்டு தடவை போய் வளர்ந்திருக்கிறது.

அதனால்தான் கூண்டு பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். கால்நடை மருந்தகங்களில் குழாயால் செய்து நட்டிருப்பார்களே, டிராவிஸ், அதுதான் நம் ஊருக்குத் தெரிந்த வடிவம். வெளிநாட்டுப் பண்ணைகளில் இருப்பதை ஸ்குயீஸ் ஷூட் என்கிறார்கள். டிராவிஸ் மாட்டை நிற்க மட்டும் வைக்கும். ஸ்குயீஸ் ஷூட்டில் இரண்டு பக்கச் சட்டங்களும் உள்ளே நகர்ந்து மாட்டின் உடம்பை அணைத்துப் பிடிக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நமக்கு எது என்பதற்கு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். அமெரிக்காவில் மேய்ச்சல் வெளியில் வளரும் மாடு மனிதனை வருஷத்தில் சில நாள்தான் கிட்டத்தில் பார்க்கிறது. அங்கே கூண்டு மாட்டைப் பிடிப்பதற்கு. நம் மாடு தினம் இரண்டு வேளை நம் கையில் பால் கொடுக்கிறது. நமக்குக் கூண்டு பிடிப்பதற்கு இல்லை, நிறுத்துவதற்கு. இதை மறந்துவிட்டுக் கனமான இரும்பாகப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் பிறகு அதில் துணி காயப்போடுகிறார்கள்.

முதலில்: உங்களுக்கு வேண்டுமா?

மூன்று மாடு வரை வைத்திருப்பவருக்கு வேண்டாம் என்பேன். சுவரோரமாக, மாட்டின் கழுத்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு தலைப்பூட்டும், பக்கத்தில் ஒதுக்கிப் பிடிக்க ஒரு கீல் கதவும் போதும். ஐந்துக்கு மேல் போனால் கணக்கு மாறும். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கிடேரிக் கன்றுகளுக்கு நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு முறை கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி. காதில் 12 இலக்க எண் வில்லை. சினை ஊசி, அது பிடித்ததா என்று கைவிட்டுப் பார்ப்பது, குடற்புழு மருந்து, குளம்பு சீவுவது. இவற்றை எல்லா உருப்படிக்கும் பெருக்கிப் பாருங்கள். வருஷத்தில் எத்தனை தடவை மாட்டோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்பது தெரியும்.

ஒரே தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் இரண்டிரண்டு மாடு வைத்திருந்தால் சேர்ந்து ஒரு கூண்டு போடலாம். ஆனால் வெளி மாடு வந்து போகும் கூண்டைக் கழுவாமல் விட்டால் நோயும் வந்து போகும். கழுவுவது யார் முறை என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதில் சண்டை வரும்.

டேப்பை எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் மாட்டை அளக்க வேண்டும். உங்கள் தொழுவத்திலேயே பெரிய மாடு ஒன்று, சின்னது ஒன்று. இடுப்பெலும்பு அகலம், வயிற்றின் அதிகப் பருமனான இடத்தின் அகலம், தோளிலிருந்து பின்னெலும்பு வரை நீளம், தரையிலிருந்து முதுகு உயரம். சினை மாடு இருந்தால் எட்டு மாதச் சினையில் வயிறு எவ்வளவு வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடை தெரியாவிட்டால் டேப்பிலேயே கிட்டத்தட்டக் கணக்குப் போடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு எத்தனை அங்குலம் என்று பார்த்து, அதை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். எங்கள் லட்சுமிக்குச் சுற்றளவு 68, நீளம் 56. 68-ஐ 68-ஆல் பெருக்கினால் 4,624, அதை 56-ஆல் பெருக்கி 660-ஆல் வகுத்தால் 392 கிலோ. முன்னே பின்னே இருக்கும். ஆனால் குடற்புழு மருந்து அளவுக்கும் இதே எண் உதவும் என்பதால் எழுதி வையுங்கள்.

அகலத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். "தாராளமா இருக்கட்டும்" என்று ஒரு மீட்டர் விட்டுவிடுகிறார்கள். தாராளமாக இருந்தால் மாடு உள்ளே திரும்பப் பார்க்கும். பாதி திரும்பி மாட்டிக்கொண்ட கிடேரியை வெளியே எடுப்பது பிரசவம் பார்ப்பதைவிடக் கஷ்டம். ஜெர்சி கலப்புக்கு உள் அகலம் 65 முதல் 70 சென்டிமீட்டர், பெரிய எச்.எஃப். கலப்புக்கும் முர்ராவுக்கும் 75 என்பது என் அனுபவக் கணக்கு. நீளம் 2 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர். கிடேரிக்கும் இதே கூண்டுதான் என்றால் பக்கச் சட்டம் நகர்வதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒரு பலகை சொருகிக் குறுக்க வழி இருக்க வேண்டும்.

தலைப்பூட்டு: இங்கே நேரம் செலவழியுங்கள்

கூண்டில் மற்ற எதில் கோட்டை விட்டாலும் சரிசெய்யலாம், தலைப்பூட்டில் விட்டால் மாடு போய்விடும். நான் பாதி போய்ப் பார்த்திருக்கிறேன்.

முதல் கூண்டைப் பாதி விலைக்குக் கிடைத்தது என்று பழசாக வாங்கினேன். முன்னால் கத்தரி மாதிரி பூட்டு. இரண்டு கம்பிகள் கீழே ஒரே இடத்தில் கீலில் சேர்ந்து, மேலே விரிந்து மூடும். மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகல். ஒரு கிடேரிக்குக் காது வில்லை போடும்போது பயத்தில் முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. கழுத்து அந்தக் குறுகலுக்குள் இறங்கிவிட்டது. நாக்கு வெளியே வந்து நீலமாகிறது. கைப்பிடியை இழுக்கிறேன், மாட்டின் எடை முழுக்கக் கம்பியில் இருப்பதால் கொண்டி அசையவில்லை. தம்பி கடப்பாரையை விட்டு நெம்பினான், அப்புறம்தான் திறந்தது. கிடேரி பிழைத்தது. அந்தக் கூண்டை அடுத்த வாரமே காயலான் கடைக்குக் கொடுத்தேன்.

அதில் நான் கற்றது இது. தலைப்பூட்டின் இரண்டு கம்பிகளும் மேலிருந்து கீழ் வரை நேராக, ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மாடு முட்டி போட்டாலும் கழுத்து கம்பியோடு சறுக்கிக் கீழே வரும், மூச்சு அடைபடாது. வளைந்த கம்பி தலையை இன்னும் ஆடாமல் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் மாடு சரிந்தால் கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தி மயக்கிவிடும். வளைந்த கம்பி வாங்கினால் மாட்டின் பக்கத்தை விட்டு ஒருவர் நகரவே கூடாது.

தானாகப் பூட்டிக்கொள்வது ஒரு ரகம். மாடு தலையை விட்டுத் தோளால் தள்ளினால் பின்னாலேயே மூடிவிடும். தனியாளாக வேலை பார்ப்பவருக்கு வசதி. ஆனால் ஒவ்வொரு மாட்டின் கழுத்துப் பருமனுக்கும் திருத்த வேண்டும், அகலக் கொம்பு இருந்தால் ஒத்துவராது. முர்ராவின் கொம்பு சுருண்டு தலையோடு ஒட்டியிருப்பதால் பிரச்சினை இல்லை. காங்கேயம் மாதிரி விரிந்த கொம்புக்கு, இரண்டு கதவும் பக்கவாட்டில் முழுசாக விலகும் ரகம்தான் சரி. அதில் வேலை முடிந்ததும் மாடு நேராக முன்பக்கமாகவே வெளியேறும். என் வாக்கு அதற்குத்தான்.

எந்த ரகமானாலும் பட்டறையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பூட்டை மூடி, இரண்டு பேரை அதன் மேல் முழு எடையோடு சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஒரே கையால் கொண்டியைத் திறக்க முடிகிறதா? முடியாவிட்டால் வேண்டாம். இன்னொன்று, கைப்பிடி நீளமாக இருந்து, மாடு முட்டும்போது திருப்பி அடித்தால் நம் தாடைக்கு நேராக வரும். பல் போனவர்கள் இருக்கிறார்கள். பல்லுப்பல்லாக ஏறி நிற்கும் ராட்செட் கொண்டியாக இருந்தால் கைப்பிடி திரும்பாது, ஆனால் கடகடவென்று சத்தம் போடும். இரண்டில் ஒன்று. நான் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

பக்கச் சட்டம் அணைக்க வேண்டும், நெருக்கக் கூடாது

டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கக் கால்நடை அறிவியலாளரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆட்டிசம் உள்ளவர். பதின்ம வயதில் அரிசோனாவில் அத்தையின் பண்ணைக்குப் போனபோது, கூண்டின் பக்கங்கள் அணைத்ததும் மாடுகள் அடங்குவதைப் பார்த்து, தனக்கே அதுபோல் ஓர் அணைப்பு இயந்திரம் செய்துகொண்டவர். பிறகு உலகம் முழுக்க மாட்டுப் பண்ணைகளுக்குக் கூண்டும் நடைபாதையும் வடிவமைத்தார். அவர் சொல்வதன் சாரம்: மெதுவாக, சீராக வரும் அழுத்தம் மாட்டை அடக்கும், வெடுக்கென்று வரும் அழுத்தம் மிரள வைக்கும், அளவுக்கு மீறினால் மாடு போராடும்.

அதனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகர்வது நல்லது. ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் மாடு மறுபக்கம் சாய்ந்து நிலை தடுமாறும். கீழே கீல் வைத்து மேலே நகர்ந்தால் வி வடிவத்தில் வரும். அது உடம்பைத் தாங்கும், கால் வைக்கக் கீழே இடம் குறையும். நிறைமாதச் சினை மாட்டுக்குப் பக்கச் சட்டத்தை நகர்த்தவே வேண்டாம், தலைப்பூட்டு மட்டும்.

சட்டத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். கம்பிகளுக்கு நடுவே குளம்பு நுழையும் இடைவெளி இருந்தால் ஒரு நாள் நுழையும், எலும்பு முறியும். முட்டி உயரம் வரை தகடு அடித்து, அதைக் கதவு மாதிரித் திறக்கும்படி வைத்தால் குளம்பு சீவவும் மடி பார்க்கவும் ஆகும். மேல்பகுதியில் கழுத்துக்கு நேராக ஒரு சின்னக் கதவு, ஊசிக்கு.

ஹைட்ராலிக்கா, கையால் தள்ளுவதா என்று கேட்டால், நூற்றுக்கணக்கில் மாடு இல்லாதவர் ஹைட்ராலிக் பக்கமே போக வேண்டாம். எண்ணெய் கசிவு, கரண்ட், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை மாட்டுக்கு ஏற்ப வைப்பது எல்லாம் தனித் தலைவலி.

பின்பக்கம்: டாக்டரின் கை

வாங்குகிறவர் முன்பக்கத்தையே பார்க்கிறார். டாக்டரோ பின்னால்தான் நிற்கிறார். சினை பார்க்கும்போது தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டிருப்பார். பின்கம்பி உயரமாக இருந்து, அந்த நேரம் மாடு உட்கார்ந்தால் கை கம்பிக்கு மேல் மடங்கி முறியும். எனவே பின்கம்பி பின்னங்கால் மூட்டுக்குச் சற்று மேலே, அறைக்கு (பிறப்புறுப்புக்கு) கீழே இருக்க வேண்டும். உயரம் மாற்ற இரண்டு மூன்று துளைகள் இருந்தால் நல்லது. மாடு உட்கார்ந்தால் வெளியே உருவக்கூடிய கம்பியாகவும் இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து நுழைந்து பின்னால் நிற்க ஒரு சின்னக் கதவு வைத்தால் டாக்டர் உங்களை வாழ்த்துவார்.

வடிவம் முடிவு செய்வதற்கு முன் ஒரு நடை வேப்பேரி போய்வாருங்கள். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. மருத்துவமனையில் பெரிய மாடுகளை எப்படி நிறுத்துகிறார்கள், டாக்டர் எங்கே நிற்கிறார், எந்தக் கம்பி பளபளவென்று தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். தேய்ந்த கம்பிதான் உபயோகமான கம்பி. மாதவரம் பால்பண்ணைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கால்நடைப் பல்கலைக்கழகமே வீட்டுக்கருகில்.

இரும்பும் உப்புக் காற்றும்

திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு பக்கம் இருப்பவருக்கு இது சொல்லத் தேவையில்லை, ஜன்னல் கம்பியே சொல்லும். சாதாரண இரும்பில் பெயின்ட் அடித்த கூண்டு கடலோரத்தில் சீக்கிரம் உரியும். கோமியமும் உப்புக் காற்றும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் எடுங்கள். கடையில் ஏ, பி, சி என்று மூன்று கிளாஸ் சொல்வார்கள். ஏ மெல்லியது, சி தடித்தது. இரண்டங்குல பி கிளாஸ் நம் வேலைக்குப் போதும். வெளிவிட்டம் சுமார் 60 மில்லிமீட்டர், மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் போய் விசாரிப்பதற்கு முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு தூண், தரைக்கு மேல் ஒன்றரை, உள்ளே அரை, ஆக தலா 2 மீட்டர்: 8. பக்கத்துக்கு நான்கு கம்பி, தலா 2 மீட்டர்: 16. குறுக்குக் கம்பிகள் 3. மொத்தம் 27 மீட்டர். குழாய் ஒன்று 6 மீட்டர் என்றால் ஐந்து குழாய். சட்டகத்துக்குச் சுமார் 140 கிலோ. தலைப்பூட்டு, தகடு, கீல் தனி. இந்த எண் கையில் இருந்தால் "மொத்தமா இவ்ளோண்ணா" என்று யாரும் உங்களை ஓட்ட முடியாது.

வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். துரு அங்கிருந்துதான் கிளம்பும். வெல்டிங்கைத் தேய்த்து, துத்தநாகப் பெயின்ட் இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள். இன்னொரு இடம், தூண் தரையைத் தொடும் வளையம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் தூண் அடியில் வளையம் வளையமாகத் துரு. இப்போது தூணைச் சுற்றிக் காங்கிரீட்டைத் தரையைவிட ஒரு சாண் உயர்த்தி, தண்ணீர் வழிய சரிவு கொடுத்திருக்கிறேன்.

தரை வழுக்கினால் கூண்டில் வேறு எது நன்றாக இருந்தும் பயனில்லை. கால் வழுக்கிய மாடு அடுத்த தடவை வாசலிலேயே நின்றுவிடும். காங்கிரீட் என்றால் காய்வதற்குள் கோடு இழுத்துவிடுங்கள், அதன் மேல் ரப்பர் மேட். மேட்டைத் தூக்கிக் கழுவ முடிய வேண்டும்.

சத்தமும் அப்படித்தான். மனிதக் காதுக்கு எட்டாத கீச்சொலிகூட மாட்டுக்குக் கேட்கும். இரும்பும் இரும்பும் மோதும் இடமெல்லாம் பழைய டயர் ட்யூபை வெட்டிச் சுற்றுங்கள். செலவில்லாத வேலை, ஆனால் பட்டறைக்காரர் செய்ய மாட்டார். என் பட்டறைக்காரர் கேட்டார்: "இன்னாண்ணா, மாட்டுக்கு ஏசி வெக்கலையா?"

எங்கே நடுவது

நம் தெருக்களில் இடம் கிடைப்பதே பெரிது என்பதால் பலர் மிஞ்சிய மூலையில் நட்டுவிடுகிறார்கள். மூலையில் நட்டால் முன்னால் சுவர், மாடு வெளியேற வழி இல்லை என்று நினைத்து உள்ளே வராது. முன்னால் வெளிச்சம் தெரிய வேண்டும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாடு நடக்கும், மறுபடி இருட்டுக்கு நடக்காது. கூண்டுக்குள் நுழையும் பக்கத்தில் குறைந்தது ஒரு மாட்டு நீளமாவது வரிசைப் பாதை இருந்தால் இரண்டாவது மாடு தயங்காமல் பின்தொடரும். தொங்கும் சங்கிலி, கொடியில் ஆடும் சட்டை, தரையில் விழும் கோடு நிழல், இவற்றைப் பார்த்து மாடு நின்றால் அடிக்காதீர்கள், அந்தச் சட்டையை எடுங்கள்.

ஓட்டும்போது நேர் பின்னால் நிற்காதீர்கள், மாட்டுக்கு அங்கே கண் தெரியாது. தோளுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் நின்று ஓர் அடி எடுத்து வைத்தால் முன்னே போகும். தோளுக்கு முன்னால் போய் நின்றால் பின்வாங்கும்.

நட்ட பிறகு ஒரு வாரம்

காங்கிரீட் இறுகும் வரை மாட்டைக் கட்டக் கூடாது. அதற்கப்புறம் ஒரு வாரம் ஊசி, மருந்து எதுவும் கிடையாது. தினம் தவிட்டு வாளியைத் தலைப்பூட்டுக்கு முன்னால் வைத்து, இரண்டு பக்கமும் திறந்தே விட்டு, மாடு நடந்து வந்து தின்றுவிட்டுப் போகட்டும். மூன்றாம் நாள் பூட்டை மூடித் திறங்கள். ஐந்தாம் நாள் பக்கச் சட்டத்தை லேசாக நகர்த்துங்கள். லட்சுமி நான்காம் நாளே வாளிக்கு முன்னால் வந்து கத்த ஆரம்பித்தாள். முர்ராவுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது, அதன் குணம் அப்படி. முதல் ஊசி நாளில் காலையில் பால் கறந்து முடித்த கையோடு வேலையை வையுங்கள். வெயில் ஏறின பிறகு எந்த மாடும் நல்ல மாடு இல்லை.

மாட்டுக்கு ஏதாவது ஆகி உடனே டாக்டர் வேண்டுமென்றால் 1962-க்குக் கூப்பிடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ். வருகிறவர்களுக்குக் கூண்டு எங்கே இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாதம் ஒரு முறை கீலுக்கு கிரீஸ், ஐப்பசி மழைக்கு முன் துத்தநாகப் பெயின்ட். அப்புறம் முக்கியமாக, வேலை முடிந்ததும் தலைப்பூட்டை முழுக்கத் திறந்து வைத்துச் சங்கிலி போட்டு ஒரு பூட்டு போடுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் முதல் நாள் சாயந்திரமே அதில் தலையை விட்டு "நான்தான் மாடு, ஊசி போடு" என்று விளையாடிக்கொண்டிருந்தார்கள்.